பூட்டுக்கு வாடகை: ஓய்வுக்காலச் சேமிப்பும் வருமான வரியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகளும் கேள்வி நேரத்து உரையாடலும் நீக்கப்பட்டுள்ளன. வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்குரியவை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று செஸ், சர்சார்ஜ் இரண்டையும் விட்டிருக்கிறேன்.)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கைக்கு வந்த சேமநல நிதியில் ஒரு பகுதியை இந்தக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். பத்திரத்தில் ஒரே நிபந்தனை: முதலைத் தொடக் கூடாது, வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு. அழைப்பு வந்தபோது எனக்குக் கொடுத்த தலைப்புகளில் பொருளாதாரக் கோட்பாடுகள் பல இருந்தன. அந்த நிபந்தனையைப் படித்த பிறகு என் தலைப்பை நானே மாற்றிக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சில மாதங்களுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். வயது 27. சென்னையில் மென்பொருள் வேலை. அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள்: பழைய வரி முறையா, புதியதா? பி.எஃப்.பில் (சேமநல நிதியில்) கூடுதலாகப் பிடிக்கலாமா? நிறுவனத்தின் வழியாக என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) வேண்டுமா? அவர் கேட்டது இதுதான்: "சார், பி.எஃப்., என்பிஎஸ்னு உள்ள பூட்டி வைக்கவா, இல்ல வரி போனாப் போகுதுன்னு ஃபண்டுல எஸ்.ஐ.பி. போட்டுக்கவா?" அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொன்னேன். முழுப் பதிலை இன்று உங்கள் முன் சொல்லிப் பார்க்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு அரசு தரும் வரிச்சலுகையை நாம் பரிசு என்று நினைக்கிறோம். அது வாடகை. நம் பணத்துக்கு நாம் போட்டுக்கொள்ளும் பூட்டுக்கு அரசு கொடுக்கும் வாடகை. ஆளுக்கு ஆள் அந்த வாடகை மாறும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். எனக்கு எவ்வளவு வாடகை, எனக்கு இந்தப் பூட்டு தேவையா என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. மார்ச் மாதத்து ரசீது

என் முதல் வேலையில், பிப்ரவரி பிறந்தால் கணக்குப் பிரிவிலிருந்து சுற்றறிக்கை வந்துவிடும். சேமிப்புச் சான்றுகளை இன்ன தேதிக்குள் கொடுக்காவிட்டால் மார்ச் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். எனக்கு அப்போது 26 வயது. பக்கத்து மேசைக்காரரின் மைத்துனர் காப்பீட்டு முகவர். மார்ச் 28ஆம் தேதி மாலை அலுவலகத்துக்கே வந்தார். டீ ஆறுவதற்குள் பெருக்கல் குறி போட்டிருந்த மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டேன். ஆண்டுக்கு 25,000 ரூபாய், 20 ஆண்டுகள். ரசீதை வாங்கிய கையோடு கணக்குப் பிரிவில் நீட்டினேன். பாலிசிப் பத்திரம் பின்னால் தபாலில் வந்தது. பல நாள் அந்த உறையைப் பிரிக்கக்கூட இல்லை.

20 ஆண்டுகள் கழித்து 9,20,000 ரூபாய் வந்தது. கட்டியது 5 லட்சம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் மட்டும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். விளைச்சல் ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம் என்று வந்தது. அதே 20 ஆண்டுகளில் அஞ்சலகத்துப் பிபிஎஃப் (பொதுச் சேமநல நிதி) வட்டி 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. அதற்கும் அதே வரிச்சலுகைதான். ஆயுள் காப்பீடு என்று பார்த்தால், அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கே அதைவிடப் பெரிய டேர்ம் பாலிசி கிடைத்திருக்கும். நான் வாங்கியது சேமிப்பும் இல்லை, காப்பீடும் இல்லை. ஒரு ரசீதை வாங்கியிருக்கிறேன். கழிவு கிடைத்தது மார்ச்சில். அதற்கான விலையை அடுத்த 20 ஆண்டுகளும் கொடுத்தேன்.

இந்தக் கதை என்னுடையது மட்டும் இல்லை என்று உங்கள் சிரிப்பே சொல்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு ஒரு தலைமுறையையே இப்படிப் பழக்கிவிட்டது. 1 லட்சம் ரூபாயாக இருந்த அதன் உச்சவரம்பை 2014இல் ஒன்றரை லட்சம் ஆக்கினார்கள். பி.எஃப்., பிபிஎஃப், காப்பீட்டு பிரீமியம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக்கடனின் அசல் எல்லாம் ஒரே பையில் விழுந்தன. ஒரே பையில் விழுந்ததாலேயே எல்லாம் ஒன்றுபோலத் தோன்றின.

2020 பட்ஜெட்டில் வந்த புதிய வரி முறையில் அந்தப் பை இல்லை. 2023-24 முதல், நாம் வேறு சொல்லாவிட்டால் புதிய முறைதான் என்று ஆயிற்று. 2025-26இல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு அதில் வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேர்ந்து 12,75,000 வரை இல்லை. ரசீது கேட்கும் சுற்றறிக்கை பலருக்கு இனி வராது. ரசீது போன பிறகும் பூட்டைப் போட்டுக்கொள்ள வேண்டுமா? இந்தக் கேள்வியை இவ்வளவு வெளிப்படையாக நாம் இதற்கு முன் கேட்டதில்லை.

2. மூன்று வாசல்கள்

எந்தச் சேமிப்பானாலும் வரி அதைத் தொடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. பணம் உள்ளே போகும் வாசல், உள்ளே இருந்து வளரும் கூடம், வெளியே வரும் கொல்லை வாசல். ஒவ்வொரு திட்டத்தையும் இந்த மூன்று இடத்திலும் நிறுத்திப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பிபிஎஃப், பழைய வரி முறையில், மூன்று இடத்திலும் விலக்கு. புதிய முறையில் முதல் வாசலில் வரி கட்டிய பணத்தைத்தான் போட முடியும். கூடத்திலும் கொல்லையிலும் விலக்கு அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் உச்சவரம்பு, 15 ஆண்டு முதிர்வு.

பி.எஃப். ஒரே கணக்கு, இரண்டு கதை. நம் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதத்துக்குப் புதிய முறையில் கழிவு இல்லை. நிறுவனம் போடும் 12 சதவீதம் நம் வருமானத்தில் சேர்வதே இல்லை. ஆக, ஒரே பாஸ்புக்கில் ஒரு பத்தி வரி கட்டிவிட்டு உள்ளே வந்த பணம், பக்கத்துப் பத்தி கட்டாமல் வந்த பணம். நிறுவனத்தின் பங்கிலிருந்து 8.33 சதவீதம், 15,000 ரூபாய்ச் சம்பள வரம்புக்கு உட்பட்டு, மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும் என்பதையும் பாஸ்புக்கில் பார்க்கலாம். நம் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு 2021 ஏப்ரல் முதல் வரி உண்டு.

என்பிஎஸ்ஸில், நாமாகப் போடும் பணத்துக்குப் புதிய முறையில் கழிவு இல்லை. நிறுவனம் நம் பெயரில் போட்டால், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை விலக்கு. கூடத்தில் வரி இல்லை. கொல்லை வாசலில், சேர்ந்த மொத்தத்தில் 60 சதவீதம் வரை கையில் வாங்கினால் வரி இல்லை. ஆனுவிட்டியாக மாறும் பகுதியிலிருந்து மாதாமாதம் வரும் ஓய்வூதியத்துக்கு வருமான வரி உண்டு.

இனி, பூட்டில்லாத வெளிச் சந்தை. வங்கி எஃப்.டி.யில் முதல் வாசலிலும் வரி, கூடத்தில் ஆண்டுதோறும் வட்டிக்கும் வரி. பங்குச்சந்தை ஃபண்டில் முதல் வாசலில் வரி, கூடத்தில் இல்லை, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்தில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் போக மீதிக்கு 12.5 சதவீதம். 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன்பத்திர ஃபண்டுக்கு, விற்கும்போது அவரவர் வரி விகிதம்.

நம் கண் எப்போதும் முதல் வாசலிலேயே நிற்கிறது. பெரிய தொகை நடமாடுவது கூடத்தில்.

3. விதையில் பங்கா, விளைச்சலில் பங்கா

காவிரிக்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு வாரம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நிலத்துக்காரர் அறுவடையில் பங்கு எடுத்துக்கொள்வது வாரம். வரியைத் தள்ளிவைக்கும் கணக்கு எதுவானாலும் அது அரசோடு போடும் வார ஒப்பந்தம். இன்றைக்கு எடுக்க வேண்டிய பங்கை அரசு எடுக்காமல் நிலத்திலேயே விட்டுவைக்கிறது, அறுவடையில் எடுத்துக்கொள்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. சம்பளத்தில் 1,000 ரூபாய். வரி 30 சதவீதம். பணம் ஆண்டுக்கு 7.2 சதவீதம் வளர்கிறது. 20 ஆண்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு.

முதல் வழி: இன்றே வரி கட்டிவிடுகிறேன். மீதி 700. பின்னால் வரியே இல்லாத கணக்கில் அது 2,800 ஆகிறது.

இரண்டாம் வழி: இன்று வரி இல்லை. 1,000 முழுதாக உள்ளே போய் 4,000 ஆகிறது. எடுக்கும்போது 30 சதவீதம், 1,200 வரி. மீதி அதே 2,800.

விதைநெல்லில் பத்துக்கு மூன்று மரக்கால் எடுத்தாலும், விளைச்சலில் பத்துக்கு மூன்று எடுத்தாலும் குடியானவனுக்கு மிஞ்சுவது ஒன்றுதான். விளைச்சல் விதைக்குத் தக்கபடி இருந்தால் போதும். இந்தச் சமன்பாட்டை வகுப்பில் எத்தனை முறை போட்டாலும் முதலில் யாரும் நம்புவதில்லை. 'ஆயிரமும் வளர்ந்ததே, கூட்டு வட்டி எங்கே போயிற்று' என்பார்கள். அந்த ஆயிரத்தில் 300 ரூபாய் முதல் நாளிலிருந்தே அரசின் பணம். அது வளர்ந்தது அரசுக்காக.

இதிலிருந்து மூன்று உண்மைகள் கிடைக்கின்றன.

ஒன்று: வரியைத் தள்ளிவைப்பதனால் மட்டும் லாபம் வராது. இன்றைய விகிதத்தைவிட எடுக்கும் காலத்து விகிதம் குறைந்திருந்தால்தான் லாபம். அதே 4,000 ரூபாயை ஓய்வுக்காலத்தில் 10 சதவீத வரியில் எடுத்தால் 3,600 மிஞ்சும்.

இரண்டு: இன்றைக்கு வரியே இல்லாதவருக்குத் தள்ளிவைக்க எதுவும் இல்லை. 12 லட்சத்துக்குள் சம்பாதிக்கும் இளைஞர் இப்போது கட்ட வேண்டிய சுழியத்தைத் தள்ளிவைத்து, நாளை வரி வளையத்துக்குள் வந்து எடுத்தால், இல்லாத வரியை வலிந்து வாங்கிக்கொள்கிறார்.

மூன்று: மிச்சமான வரியைச் செலவு செய்தால் ஒப்பந்தமே கெட்டது. பழைய முறையில் 700 ரூபாய் உள்ளே போட்டுக் கழிவு வாங்கி, மிச்சமான வரியில் ஓட்டலுக்குப் போனவருக்கு அந்த 700, வாரத்துக்கு விட்ட நிலத்தில் 2,800 ஆகி, வரி போக 1,960 தான் கையில் நிற்கும். விதைநெல்லைப் பொங்கித் தின்ற கணக்கு.

அமெரிக்கர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடுவதும் இதைத்தான். அங்கே தனிநபர் ஓய்வுக் கணக்கு 1974இல் வந்தது. நிறுவனங்களின் 401(கே) கணக்குக்கு வழிவிட்ட சட்டத் திருத்தம் 1978இல். இரண்டும் வார முறை. 1997இல் செனட்டர் வில்லியம் ராத்தின் பெயரால் வந்த கணக்கு நேர்மாறு: முதலிலேயே வரியைக் கட்டிவிடு, பின்னால் கட்ட வேண்டாம். எது நல்லது என்று அங்கே நடக்கும் விவாதம் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: இன்றைய விகிதம் பெரிதா, நாளைய விகிதம் பெரிதா?

4. வெளியே இருந்தால் எவ்வளவு கரையும்?

அதே 700 ரூபாயைப் பூட்டில்லாத இடங்களில் வைத்துப் பார்ப்போம். வளர்ச்சி அதே 7.2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையில் வேறுபடும், ஆனால் வரியின் வேலையை மட்டும் தனியே பார்க்க இது உதவும்.

எஃப்.டி.யில், 30 சதவீத வரிக்காரருக்கு ஆண்டுதோறும் வட்டியில் வரி போய் மிஞ்சுவது 5.04 சதவீதம். 20 ஆண்டில் 700 ரூபாய் சுமார் 1,870 ஆகும். வரியில்லாக் கணக்கின் 2,800 எங்கே, இது எங்கே!

கடன்பத்திர ஃபண்டில் வரி கடைசியில் ஒரே தடவை: 2,100 ஆதாயத்தில் 630 போய் 2,170.

பங்குச்சந்தை ஃபண்டில், 1,25,000 ரூபாய் விலக்கைக் கணக்கில் எடுக்காமலே, 2,100 ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், சுமார் 263. மிஞ்சுவது 2,537. ஆண்டுக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரைகிறது.

ஆகவே 'வரிச்சலுகைக் கணக்கா, வெளியே முதலீடா' என்று பொதுவாகக் கேட்கும் கேள்விக்கு விடை கிடையாது. வெளியே எதில் என்று கேட்க வேண்டும். வட்டிப் பணத்துக்குக் கூரை அவசியம். வெயிலில் வைத்த கற்பூரமாகப் போய்விடும். நீண்டகாலப் பங்கு முதலீட்டுக்குக் கூரையால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். வெளியிலேயே அது ஏறக்குறைய நிழலில்தான் இருக்கிறது. மொத்த வருமானம், வட்டியையும் சேர்த்து, 12 லட்சத்தைத் தாண்டாதவருக்குப் புதிய முறையில் எஃப்.டி.யிலும் அந்தக் கரைசல் இல்லை.

இன்னொரு கணக்கை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வரி இல்லாத ஒரு கணக்கில் ஆண்டுக்கு 1 சதவீதம் நிர்வாகக் கட்டணம் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். 7.2 சதவீதம் 6.2 ஆகிறது. 700 ரூபாய் 20 ஆண்டில் சுமார் 2,330. இழப்பு 470. பங்குச்சந்தை ஃபண்டில் வரியாகப் போனது 263தான். 12.5 சதவீத வரியைக் கேட்டால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. 1 சதவீதக் கட்டணம் என்றால் தலையாட்டிவிடுகிறோம். வரி ஆதாயத்தைத்தான் தொடும். கட்டணம் ஆண்டுதோறும் முதலையும் சேர்த்துத் தொடும். வரிச்சலுகை என்ற பெயரில் விற்கப்படும் எதையும் வாங்குவதற்கு முன் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். 2013 முதல் ஃபண்டுகளில் இடைத்தரகர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் இருக்கின்றன. என்பிஎஸ்ஸில் நிதி மேலாண்மைக் கட்டணம் மிகக் குறைவு. அதன் பெரிய பலம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

5. பூட்டு யாருக்கு நல்லது?

பூட்டுக்கு ஆதரவாக ஒரு சாட்சி. 2020 மார்ச் 23ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் இறங்கி, 26,000க்குக் கீழே முடிந்தது. என் சக ஆசிரியர் ஒருவர் அந்த வாரம் தன் ஃபண்டுகளை எல்லாம் கைபேசியிலேயே விற்றார். நான்கு தட்டு, வேலை முடிந்தது. அதே சந்தையில் அவருடைய என்பிஎஸ் பணமும் பாதிக்குப் பாதி இருந்தது. அதை விற்க அவருக்கு வழியில்லை, அதற்காகப் புலம்பினார். அந்த ஆண்டு முடியும்போது சென்செக்ஸ் 47,000ஐத் தாண்டியிருந்தது. அவர் திரும்ப உள்ளே வர இரண்டு ஆண்டாயிற்று. அவருடைய பணத்தில் ஒரு பகுதியை அவரிடமிருந்தே காப்பாற்றியது அந்தப் பூட்டு. எந்த வரி அட்டவணையிலும் இந்த லாபம் ஏறாது.

எதிராக ஒரு சாட்சி. 2016 பிப்ரவரியில் ஓர் அறிவிக்கை வந்தது: பி.எஃப்.பில் நிறுவனத்தின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலையை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்தார்கள். நம் மாநில எல்லையை நோக்கி வரும் ஓசூர் சாலை நின்றுபோனது. 19ஆம் தேதியே அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

அப்போது பலர் 'தங்கள் நன்மை தங்களுக்கே தெரியாதவர்கள்' என்று எழுதினார்கள். எனக்கு அவர்கள் நம் எல்லோரையும்விடத் தெளிவாகக் கணக்குப் போட்டவர்களாகத் தெரிகிறார்கள். அவர்களுடைய கூலி வருமான வரி வரம்புக்கு வெகு கீழே. கழிவால் அவர்களுக்கு ஒரு பைசா மிச்சமில்லை. அதாவது பூட்டு அவர்கள் கதவில். வாடகை மட்டும் கிடையாது. வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கும்வரை சோறு போட, மகளின் கல்யாணத்துக்கு, கந்துவட்டிக் கடனை அடைக்க என்று அவர்கள் கையில் இருந்த ஒரே சேமிப்பு அதுதான். தையல் மேசையில் 40 வயதுக்கு மேல் எத்தனை பேரை வைத்துக்கொள்கிறார்கள் என்று திருப்பூரில் கேட்டுப் பாருங்கள். 58 என்ற எண் அவர்களுக்கு எவ்வளவு தொலைவு என்பது புரியும்.

வரிக்கழிவு என்ற கருவியின் அடிப்படைக் குறையும் இதில்தான் இருக்கிறது. 1,000 ரூபாய் சேர்த்தால் 30 சதவீத வரிக்காரருக்கு 300 மிச்சம்; 5 சதவீதக்காரருக்கு 50; தையல்காரப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. முதுமையில் வேறு ஆதரவு யாருக்குக் குறைவோ அவருக்கே வாடகையும் குறைவு. ஓய்வுக்காலச் சேமிப்பை வளர்க்கத்தான் இந்தச் சலுகை என்றால், ஏணியைத் தலைகீழாக அல்லவா நிறுத்தியிருக்கிறோம்?

6. வாடகை தருபவர் மனம் மாறுவார்

வாடகை ஒப்பந்தம் 30 ஆண்டுக்கு என்றால் எதிர்த்தரப்பு எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டும் அல்லவா? நம் எதிர்த்தரப்பு நாடாளுமன்றம்.

சேமிப்புக்கு வரி போடாமல் செலவுக்குப் போடலாம் என்ற எண்ணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார். பொதுக் களஞ்சியத்தில் ஒருவர் போடுவதற்கு வரி வாங்குவதைவிட, எடுத்து உண்பதற்கு வாங்குவது நியாயம் என்பது அந்த வாதத்தின் சாரம். இந்திய வரிச் சீர்திருத்தம் பற்றிய அவருடைய அறிக்கை 1956இல் வந்தது. அடுத்த ஆண்டே நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செலவு வரியைக் கொண்டுவந்தார். 1962இல் அதை நீக்கினார்கள். அவரே மீண்டும் நிதியமைச்சராக இருந்த 1964இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1966இல் மறுபடி நீக்கினார்கள். பத்தே ஆண்டுக்குள் இரண்டு பிறப்பு, இரண்டு சாவு. வரியைத் தள்ளிவைக்கும் ஓய்வுக் கணக்கு, செலவு வரியின் பேரப்பிள்ளை: சேர்க்கும்போது விடு, எடுத்துச் செலவழிக்கும்போது பிடி.

அந்தக் குடும்பத்தின் நிலையில்லாமையும் பேரப்பிள்ளைக்கு வந்திருக்கிறது. 2009இல் நேரடி வரிகள் சட்டத்தின் வரைவு, பி.எஃப்., பிபிஎஃப் எல்லாவற்றுக்கும் எடுக்கும்போது வரி என்றது. 2010இல் அதைக் கைவிட்டார்கள். 2016 பிப்ரவரி 29 பட்ஜெட்டில் பி.எஃப். திரட்டில் 60 சதவீதத்துக்கு வரி என்று மறுபடி வந்தது. எதிர்ப்பு கிளம்பி மார்ச் 8ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். 2021இல் இரண்டரை லட்சம் வரம்பு வந்து நிலைத்தது. வட்டியும் அப்படியே: 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 சதவீதமாக இருந்த பிபிஎஃப் 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நிற்கிறது.

வெளியே இருந்தால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். பங்கு ஆதாயத்துக்கு 2004 அக்டோபர் முதல் நீண்டகால வரியே இல்லாதிருந்தது. 2018இல் 10 சதவீதம், 2024 ஜூலை 23 முதல் 12.5. இரண்டு பக்கமும் விதி மாறுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: வெளியே இருப்பவர் மாறும்போது நகர முடியும், பூட்டுக்குள் இருப்பவர் காத்திருக்க வேண்டும். பூட்டுக்கான வாடகையைப் பேசும்போது இந்தக் காத்திருப்பையும் விலையில் சேர்க்க வேண்டும்.

மாணவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது

அந்த 27 வயது இளைஞரின் படிவத்துக்குத் திரும்புகிறேன். புதிய வரி முறையில் அவர் 20 சதவீதப் படியில் இருக்கிறார். அடிப்படைச் சம்பளம் மாதம் 75,000.

நிறுவனம் வழியாக என்பிஎஸ்: 14 சதவீதம், மாதம் 10,500 ரூபாய். இன்று மிச்சமாகும் வரி 2,100. எடுக்கும்போது 60 சதவீதம் வரை வரி இல்லை. மீதிப் பகுதியின் ஓய்வூதியத்துக்கு அன்றைய விகிதம், அநேகமாக இன்றையதைவிடக் குறைவு. வாடகை நன்றாக இருக்கிறது, ஏற்கலாம். ஆனால் இது அறுபது வயதை மனத்தில் வைத்துச் செய்த பூட்டு. விதிகள் தளர்ந்துகொண்டே வந்தாலும், வீடு வாங்கவோ தொழில் தொடங்கவோ இந்தப் பணத்தை நம்பக் கூடாது.

பி.எஃப்.பில் கூடுதல் பிடித்தம்: முதல் வாசலில் கழிவு இல்லை, ஆனால் கூடத்தில் வரி இல்லை. 2024-25க்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். 20 சதவீத வரிக்காரருக்கு எஃப்.டி.யில் இதற்கு ஈடாக வேண்டுமானால் பத்துக்கு மேல் வட்டி வேண்டும். ஆபத்தில்லாமல் வைக்க நினைக்கும் பணத்துக்கு, இரண்டரை லட்சம் வரம்புவரை, இதுதான் இடம்.

பங்கில் போடும் பணம்: இதற்குக் கூரை தேடி அலைய வேண்டாம். வெளியே, நேரடித் திட்டத்தில், குறைந்த கட்டணத்தில். ஆண்டுதோறும் 1,25,000 ரூபாய் ஆதாயம் வரை வரியின்றி எடுக்கலாம்; அவசரத்துக்குக் கைகொடுக்கும். கை சும்மா இருக்காது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் மட்டும் இதிலும் பாதியைப் பூட்டுக்குள் வைக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஆறு மாதச் செலவுக்கான தொகை பூட்டில்லாமல் இருக்க வேண்டும். அது எவ்வளவு கரைந்தாலும் பரவாயில்லை. ஓசூர் சாலையில் நின்ற பெண்கள் நமக்குச் சொன்னது அதைத்தான்.

வாடகையே வாங்காமல் பூட்டுப் போட்டவர்களும் உண்டு. இந்த அறக்கட்டளையை நிறுவிய தலைமையாசிரியர் 'முதலைத் தொடக் கூடாது' என்று எழுதியபோது, அவருக்கு அதில் வரி மிச்சம் என்று ஒன்றும் இருந்திருக்காது. ஓய்வு பெற்றவரின் கையில் அன்று வரிக்குரிய வருமானம் எவ்வளவு இருந்திருக்கப் போகிறது? தனக்குப் பின் வருகிறவர்களின் கையை அவர் நம்பவில்லை. தன் கையையும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். இன்று மாலை இந்த ஒலிபெருக்கிக்கும், வாசலில் உங்களுக்குக் கொடுத்த தேநீருக்கும், நான் வந்து போகும் பேருந்துக் கட்டணத்துக்கும் அந்த வட்டியிலிருந்துதான் பணம் வருகிறது. முதல் அப்படியே இருக்கிறது என்று கணக்கர் சற்று முன் என்னிடம் சொன்னார்.